கடலுக்கு முன் கிணறு: தாழ்நிலத் தீவுகள் குறித்த வாசகர் கேள்விகள்

கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கும் தீவுகளில் வாழும் மக்கள் மாறிவரும் பருவநிலையையும் பேரிடர்களையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பற்றியே இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை கேட்கின்றன. நமக்கு அண்டை நாடான மாலத்தீவைக் குறிப்பிட்டே பலரும் எழுதியிருப்பதால் விடைகளும் அந்நாட்டைச் சார்ந்தே அமைகின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மாலத்தீவு 2050ஆம் ஆண்டுக்குள் முழுவதுமாகக் கடலில் மூழ்கிவிடும் என்று காணொளிகளில் அடிக்கடி சொல்கிறார்கள். இது உண்மைதானா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த ஆண்டுக் கணக்கை நம்ப வேண்டியதில்லை. 1980களின் இறுதியிலேயே, இன்னும் முப்பது ஆண்டுகளில் மாலத்தீவு நீருக்கடியில் போய்விடும் என்ற செய்தி வெளிநாட்டு நாளிதழ்களில் வந்தது. அந்த முப்பது ஆண்டுகளும் கழிந்து, அன்று இருந்ததைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட மக்கள் இன்று அங்கே வாழ்கிறார்கள். ஆனால் குறித்த ஆண்டு தவறிப்போனதால் ஆபத்தும் பொய்யாகிவிடவில்லை. ஏறத்தாழ 1,200 தீவுகளும் அவற்றுள் மக்கள் குடியிருக்கும் 200க்கு உட்பட்ட தீவுகளும் கொண்ட அந்நாட்டின் மொத்த நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர் அளவே. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை; இயற்கையாக அமைந்த மிக உயர்ந்த இடமே 2.4 மீட்டர்தான். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்றும், இந்த நூற்றாண்டின் முடிவுக்குள், நாம் வெளியிடும் கரியமில வாயுவின் அளவைப் பொறுத்து, ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை அது உயரக்கூடும் என்றும் ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு தனது ஆறாவது அறிக்கையில் கணித்துள்ளது.

இந்த எண்களை நிலத்தின் உயரத்திலிருந்து கழித்துப் பார்த்து, மீதி எவ்வளவு என்று சொல்லிவிடுவதில்தான் பிழை நேர்கிறது. பவளத் தீவு பாறைமேல் அமைந்த நிலமன்று. பவளப் பாரின் (உயிருள்ள பவளங்கள் கட்டியெழுப்பிய கடலடித் திட்டின்) மேல் அலைகள் கொண்டுவந்து குவித்த பவளத் துணுக்குகளும் சிப்பித் தூளும் சேர்ந்த மேடு அது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஒரு கரையில் அரிக்கப்படும் மணல், வடகிழக்குப் பருவக்காற்றின்போது மீண்டும் அங்கு வந்து சேர்வதை மாலத்தீவின் பல தீவுகளில் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு நாட்டின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரையிலான வான்படங்கள், செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, சில தீவுகள் சுருங்கியிருந்தாலும் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டறிந்தது. இதைக் காட்டி, பருவநிலை மாற்றமே கட்டுக்கதை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள்; அது பொருந்தாத வாதம். மணல் நகர்ந்து நகர்ந்து ஒரு தீவு தன்னைக் காத்துக்கொள்ளலாம், ஆனால் அதன்மேல் நிற்கும் வீடும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மணலோடு சேர்ந்து நகர மாட்டா. மேலும், அப்படி நகர்வதற்குப் பவளப் பார் உயிரோடு இருந்து புதுத் துணுக்குகளைத் தொடர்ந்து ஈன்றுகொண்டிருக்க வேண்டும். கடல் வெப்பமடைந்ததால் 1998இலும் 2016இலும் மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளிறின. முதல் முறை ஆழமற்ற பகுதிகளில் இருந்த பவளங்களில் பெரும்பாலானவை இறந்தே போயின.

நாகர்கோவில் வாசகருக்குக் கள்ளக்கடல் அறிமுகமானதாகவே இருக்கும். உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து வந்து கரையைத் தாண்டிப் பாய்வது அது. 1987 ஏப்ரலில் தலைநகர் மாலேயையும், 2007 மே மாதத்தில் பல தீவுகளையும் ஒருசேர வெள்ளக்காடாக்கியவை இத்தகைய அலைகளே. கடல் மட்டம் இன்னும் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே, பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இந்த வெள்ளம் அடிக்கடி வரத் தொடங்கிவிடும். தீவு மூழ்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, ஒரு வெள்ளத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் இடையே மக்கள் மீண்டெழப் போதிய காலம் கிடைக்குமா என்று கேட்பதே பொருத்தமானது.

கேள்வி: சுற்றிலும் கடல் உள்ள இத்தகைய சிறு தீவுகளில் குடிநீர் எங்கிருந்து கிடைக்கிறது? எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாக மாறியதைக் கண்ட அனுபவத்தில் கேட்கிறேன்.
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: இக்கேள்வியே இம்மாதக் கடிதங்களில் முதன்மையானது என்பது என் எண்ணம். பவளத் தீவில் ஆறில்லை, ஏரியில்லை. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், எண்ணெய் நீர்மேல் மிதப்பதுபோல அதன்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு கண்ணாடி வில்லையின் வடிவில் அது அமையும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு பங்கு உயர்ந்து நின்றால் கீழே நாற்பது பங்கு ஆழம் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. ஆனால் அலை ஏற்ற இறக்கத்தால் இரு நீரும் கலந்துகொண்டே இருப்பதால் சிறு தீவுகளில் அந்த ஆழம் கிடைப்பதில்லை. சுண்ணாம்புப் பாறை நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் நன்னீர் இவ்வாறே உப்புநீரின் மேல் தங்கியிருக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவர்த்துவிடும் என்பதை அங்குள்ள தோட்டக்காரர்கள் அனைவரும் அறிவார்கள்.

இந்தப் படலத்துக்கு இரண்டு பக்கமிருந்து ஆபத்து வருகிறது. மக்கள் தொகை பெருகி மோட்டார் வைத்து இறைக்கத் தொடங்கியதும் அது மெலிகிறது; கழிவுநீர்க் குழிகள் கிணற்றுக்கு அருகிலேயே இருப்பதால் மாசும் அடைகிறது. மறுபுறம், கரையைத் தாண்டி வரும் ஒரே ஓர் அலை மேலிருந்து உப்பை இறக்கிவிடுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்தது அதுவே: ஆள் சேதம் இல்லாத தீவுகளிலும் கிணறுகள் கெட்டன, சேம்பும் வாழையும் கருகின. அடுத்தடுத்த மழைகளால் உப்பு கழுவப்பட்டு நீர் தேற மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். பசிபிக் பெருங்கடலில் உள்ள மார்ஷல் தீவுகளின் குவாஜலைன் வளையத்தீவை (வளைய வடிவில் அமைந்த பவளத் தீவுக் கூட்டத்தை) வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நிலம் நிரந்தரமாக நீருக்கடியில் போவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே, ஆண்டுதோறும் கரை தாண்டும் அலைகளால் நிலத்தடி நீர் தேறவே முடியாத நிலை இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்துவிடக்கூடும் என்றது. கடல் வாசலுக்கு வரும் முன்பே கிணற்றுக்குள் வந்துவிடுகிறது.

மாலத்தீவில் இன்று குடிப்பதற்குக் கிணற்று நீரைப் பெரும்பாலும் எவரும் பயன்படுத்துவதில்லை. வீட்டுக்கு வீடு கூரையிலிருந்து மழைநீரை வடித்துச் சேமிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் உள்ளன. ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிவாரணத்தில் இவை பெருமளவில் வழங்கப்பட்டன. ஆயினும் வடகிழக்குப் பருவக் காலத்தின் வறண்ட மாதங்களில் தொட்டிகள் காலியாகிவிட, மாலேயிலிருந்து கப்பலில் தண்ணீர் அனுப்புவது ஆண்டுதோறும் அரசுக்குச் செலவாகிக்கொண்டிருந்தது. தலைநகரோ முற்றிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையையே நம்பியிருக்கிறது. 2014 டிசம்பர் 4 அன்று அந்த ஆலையில் தீப்பிடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம் ஒரே நாளில் குடிநீரின்றி நின்றது. இந்தியா விமானப்படை விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். ஒற்றை ஆலையை நம்பியிருப்பதும் ஒரு பேரிடர் ஆபத்துதான் என்பது அதன்பிறகே பலருக்கும் உறைத்தது. அடுத்த ஆண்டு, வளரும் நாடுகளுக்கு உதவும் பசுமைப் பருவநிலை நிதியத்தின் முதல் ஒப்புதல்களில் ஒன்றாக, 49 வெளித்தீவுகளுக்கான குடிநீர்த் திட்டம் ஏற்கப்பட்டது; அவற்றுள் சில தீவுகளில் மழைநீர், நிலத்தடி நீர், கடல்நீர் சுத்திகரிப்பு ஆகிய மூன்றையும் இணைத்து ஒரே குழாய்வழி கொடுப்பதும் அதில் அடங்கும். மழைக்காலத்தில் மழைநீரைக் கொண்டு ஆலையின் மின்செலவைக் குறைத்து, வறட்சியில் மட்டும் ஆலையை முழு அளவில் ஓட்டுவது அதன் நோக்கம். ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி திறந்திருக்கும் என்பதால், ஆடம்பரமான பெருந்திட்டங்கள் பலவற்றைவிட இதை நான் மேலானதாக மதிக்கிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. மாலத்தீவுக்கு வடக்கே, அதே பவளத் தொடரில் அமைந்த லட்சத்தீவுக் கூட்டத்தின் கவரத்தி தீவில், சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை அமைத்தது. கடலின் மேற்பரப்பு நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, சில நூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றிய குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர்விக்கும் முறை அது. சவ்வு வடிகட்டியும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். பவளத் தீவின் கரையை அடுத்தே கடல் செங்குத்தாக ஆழமாகிவிடுவதால் இம்முறை அங்கே ஏற்றதாயிற்று. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும், பின்னர் பிற தீவுகளிலும் இத்தகைய ஆலைகள் எழுந்தன.

கேள்வி: 2004 ஆழிப்பேரலையில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். மேடே இல்லாத மாலத்தீவில் உயிரிழப்பு அதைவிட மிகக் குறைவு என்கிறார்களே, எப்படி?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலடி மெல்ல மெல்லச் சரிந்து ஆழமாகிறது, ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணிந்து உயரம் கூடும். மாலத்தீவின் வளையத்தீவுகளோ ஆழ்கடலிலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக எழுபவை. அலை உயர்ந்தெழ அங்கே இடமே இல்லை. வெளிப் பார் அதன் வேகத்தில் ஒரு பகுதியையும் வாங்கிக்கொண்டது. ஆகவே நீர் சுவராக மோதாமல், பெருக்காக ஏறித் தீவைக் கடந்து மறுபுறம் இறங்கியது. உறுதி செய்யப்பட்ட உயிரிழப்பு 82. காணாமற்போனவர்கள் 26 பேர். மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு அது சிறிய எண்ணிக்கையன்று. சேதத்தின் மதிப்போ நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 62 சதவீதம். பாதிக்கப்பட்ட பிற நாடுகளில் சேதம் கரையோரத்தோடு நின்றது. மாலத்தீவிலோ கரையோரமே நாடு.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். ரா வளையத்தீவைச் சேர்ந்த கந்தொளுதூ என்ற நெரிசல் மிகுந்த மீனவர் தீவு மீண்டும் குடியேற முடியாதபடி அழிந்தது. அதன் மக்கள் ஏறத்தாழ நான்காயிரம் பேர் அண்டைத் தீவுகளில் சிதறித் தற்காலிகக் குடியிருப்புகளில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, ஆளில்லாதிருந்த துவாஃபரு தீவில் செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு எழுப்பிய 600 வீடுகள் கொண்ட புது ஊருக்கு 2009 வாக்கில் ஒன்றாகக் குடிபெயர்ந்தனர். ஓர் ஊரைப் பல ஊர்களில் பங்கிட்டுக் கரைத்துவிடாமல், உறவும் அண்டை வீடும் தொழிலும் அறுபடாதபடி அப்படியே பெயர்த்து வைத்ததை அத்திட்டத்தின் சிறப்பாகச் சொல்ல வேண்டும். தா வளையத்தீவின் விலுஃபுஷியில் வேறு வழி கையாளப்பட்டது: கடலிலிருந்து மணலை அள்ளித் தீவின் பரப்பை ஏறத்தாழ நான்கு மடங்காக விரித்து, நிலத்தை உயர்த்தி, மக்களைத் திரும்பக் குடியேற்றினார்கள். 'பாதுகாப்பான தீவு' என்று அரசு பெயரிட்ட இக்கொள்கையின்படி, ஓட மேடில்லாத இடத்தில் மக்கள் ஏறி நிற்க உயரமான கட்டடங்களும், பல நாள் உணவும் நீரும் மருந்தும் சேமித்துவைக்கும் வசதியும் அமைய வேண்டும். கருத்து சரியானது. ஆனால் செலவு மிகுதியால் சில தீவுகளுக்கு மேல் அது பரவவில்லை.

கேள்வி: தீவைச் சுற்றி உயரமான சுவர் எழுப்பிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? இத்தனை யோசனை எதற்கு?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: மாலே அவ்வாறுதான் செய்தது. 1987 வெள்ளத்துக்குப் பிறகு ஜப்பானின் நிதியுதவியோடு, நான்கு கால்களை நீட்டியது போன்ற கான்கிரீட் கட்டிகளைக் கொண்ட அலைதடுப்பும் கடற்சுவரும் கட்டப்பட்டு, 2000களின் தொடக்கத்தில் நகரம் முழுவதும் சுவருக்குள் வந்தது. 2004இல் தலைநகரின் சேதத்தை அச்சுவர் குறைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு சதுர கிலோமீட்டர் அளவேயான, ஏற்கெனவே கடற்கரை என்று ஒன்றில்லாத, அடுக்குமாடிகள் நெருங்கிய ஒரு தலைநகருக்குப் பொருந்தியது, ஆயிரம் பேர்கூட வாழாத ஒரு வெளித்தீவுக்குப் பொருந்தாது. முதலில் அவ்வளவு பணம் இல்லை. பணம் கிடைத்தாலும், பருவத்துக்குப் பருவம் தீவைச் சுற்றி நகரும் மணலைச் சுவர் தடுத்துவிடுகிறது. ஒரு கரை காக்கப்படும்போது அடுத்த கரை அரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஓரூருக்குத் தூண்டில் வளைவு போட்டபின் வடக்கே உள்ள அடுத்த ஊர் தனக்கும் ஒன்று கேட்டுப் போராடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாலத்தீவில் பெரும்பாலான தீவுகளுக்குப் படகுத் துறை வெட்டிக் கொடுத்தது மக்களின் நெடுநாள் கோரிக்கை; கடல் கொந்தளிக்கும்போது நோயாளியைக்கூடக் கரையேற்ற முடியாதிருந்த நிலையை அது மாற்றியது. அதே துறைக்காகப் பாரை வெட்டியதும் மணல் ஓட்டத்தை மறித்ததும் பல தீவுகளில் புதிய அரிப்புக்குக் காரணமாயின. இரண்டும் உண்மை, திட்டமிடுபவர்கள் இரண்டையும் ஒரே தாளில் எழுதாமல் விட்டதே குறை.

சுவரைவிட மலிவானதும் நீடித்து உழைப்பதுமான காவல் கடலுக்குள்ளேயே இருக்கிறது. உயிருள்ள பவளப் பார், கரைக்கு வரும் அலையின் ஆற்றலில் மிகப் பெரும் பகுதியை உடைத்துவிடும். தீவுக்கு மணல் தருவதும் அதுவே. கிளி அலகு போன்ற பற்களால் பவளப் பரப்பைச் சுரண்டித் தின்னும் கிளிமீன்கள், செரித்தபின் வெளியேற்றுவது வெண்மணல். மாலத்தீவின் வக்காரு தீவில் 2015இல் வெளியான ஆய்வொன்று, அங்குப் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் இம்மீன்களிடமிருந்து வருவதாகக் கணக்கிட்டது. மக்கள் முகம் சுளிக்க வாய்ப்புள்ள செய்திதான், ஆனால் தேனிலவுப் படங்களில் மின்னும் வெள்ளைக் கடற்கரையின் வரலாறு அது. கரையோரத்தில் தாழை, புன்னை, பூவரசு முதலிய மரங்களும் உப்பைத் தாங்கும் புதர்களும் அடர்ந்த ஒரு பட்டை இருந்தால் அது தெறிக்கும் உப்புநீரையும் காற்றையும் தணிக்கும்; வீட்டுமனைக்கும் கடற்காட்சிக்கும் அதை வெட்டிய இடங்களில் வெள்ளம் தடையின்றி உள்ளே வந்திருக்கிறது. பாரையும் மரப் பட்டையையும் காப்பது முதல் வேலை. மருத்துவமனை, ஆலை, மின் நிலையம் போன்ற நகர்த்த முடியாதவற்றின் முன்னே மட்டும் சுவர் என்பது இரண்டாவது. இந்த வரிசை மாறும்போதெல்லாம் பணம் கடலில்தான் கொட்டப்படுகிறது.

கேள்வி: மன்னார் வளைகுடாத் தீவுகள் சில மறைந்துபோனதும் கடல் மட்ட உயர்வால்தானா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அது மட்டும் காரணமன்று. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்கடியில் போனதற்கு, சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டபின் அத்தொழில் படிப்படியாக நின்றது. வேகமாகச் சுருங்கிவந்த வான் தீவுக்கு முன்னே 2015 முதல் கான்கிரீட்டாலான செயற்கைப் பார்க் கட்டிகள் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்து மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. கட்டிகளின்மேல் மீன்களும் வந்து தங்கின. இத்தீவுகளில் மக்கள் குடியிருக்கவில்லை என்றாலும், அவற்றின் பின்னே உள்ள கரையோர ஊர்களுக்கு அவை அரண்.

கேள்வி: செயற்கையாக உயர்த்தப்பட்ட ஹுல்ஹுமாலே தீவுக்கே நாட்டு மக்கள் அனைவரையும் அழைத்துச் செல்லலாமே?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாலேக்கு அருகில் 1997இல் மணல் நிரப்பத் தொடங்கி, 2004இல் முதல் குடும்பங்கள் குடியேறிய ஹுல்ஹுமாலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ளது, 2018இல் திறக்கப்பட்ட பாலம் அதை மாலேயோடு இணைக்கிறது. ஏற்கெனவே நாட்டு மக்களில் ஐந்தில் இருவர் மாலே வட்டாரத்தில் நெருங்கி வாழ்கிறார்கள். எல்லோரும் அங்கே வந்தால், சூரை மீன்பிடித்தலை நம்பி வாழும் வெளித்தீவுகள் காலியாகும். வாடகையோ இப்போதே ஒரு சாதாரண ஊழியரின் வருமானத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. தானே விரும்பி வருபவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஒரே தீர்வாக அதை முன்வைப்பது, நாட்டின் எல்லாச் சேமிப்பையும் ஒரே இடத்தில் வைப்பதாகும்.

கேள்வி: துவாலு மக்கள் நாட்டையே விட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்களாமே? அப்படியானால் அந்த நாடு இல்லாமல் போய்விடுமா?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: துவாலுவின் மக்கள் தொகை ஏறத்தாழ 11,000. 2023இல் கையெழுத்தாகி 2024இல் நடைமுறைக்கு வந்த ஃபலெபிலி ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் வாழவும் வேலை பார்க்கவும் படிக்கவும் உரிமை பெறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் பதிவு செய்தனர். இதை உடனே 'நாட்டை விட்டோடுதல்' என்று எழுதிவிடுவது அவசரம். போகவும் திரும்பி வரவும் உரிமை தரும் ஒப்பந்தம் அது, பிள்ளையின் படிப்புக்காகவும் சம்பளத்துக்காகவும் பதிவு செய்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மறுபுறம், அதே காலத்தில் தலைநகர் ஃபுனாஃபுட்டியின் காயல் கரையில் மணல் நிரப்பி, 7 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட உயர்ந்த நிலத்தை 2023இல் உருவாக்கி முடித்தார்கள். இந்த நூற்றாண்டுக்குப் பிறகும் அது நீர் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. நிலத்துக்கு என்ன நேர்ந்தாலும் நாடு என்ற தகுதி நிலைக்கும் என்று அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தையும் திருத்தினார்கள். கடல் எல்லையும் அதன் மீன்பிடி உரிம வருமானமும் அந்தத் தகுதியையே சார்ந்திருப்பதால், இது வெறும் உணர்ச்சிப் பிரகடனமன்று. மற்றொரு பசிபிக் தீவு நாடான கிரிபாஸும் (கிரிபாட்டி) 2014இல் ஃபிஜியில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கி வைத்தது. மக்களைக் குடியேற்றுவதற்கு என்று உலகம் பேசிய அந்நிலம், பின்னர் உணவு விளைவிப்பதற்கான நிலமாகவே பார்க்கப்பட்டது.

கேள்வி: இவற்றையெல்லாம் தலைநகரில் உள்ள அதிகாரிகள் முடிவு செய்கிறார்களா, தீவு மக்கள் முடிவு செய்கிறார்களா? எச்சரிக்கை எப்படி அவர்களை அடைகிறது?
— ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: 2010இல் இயற்றப்பட்ட அதிகாரப் பரவலாக்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு குடியிருப்புத் தீவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தீவு மன்றம் உண்டு, மகளிர் மேம்பாட்டுக் குழுவும் உண்டு. 2019இல் வந்த திருத்தம் மன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கியது. மழைநீர்த் தொட்டியின் அளவும், வெள்ளத்தின்போது முதியவர்களை எந்தக் கட்டடத்தில் ஏற்றுவது என்பதும் வீட்டையும் தெருவையும் அறிந்தவர்கள் முடிவு செய்ய வேண்டியவை. ஆனால் நிதியின் கைப்பிடி இன்னும் பெரும்பாலும் மாலேயில் இருக்கிறது என்பதே என் கணிப்பு. துறைமுகம் கட்டுவதும் கடலை நிரப்புவதும் தேர்தல் வாக்குறுதிகளாகிவிடும் நாட்டில், நிலத்தடி நீரைக் காக்கும் வேலைக்கு வாக்குக் கிடைப்பது கடினம்.

எச்சரிக்கையில் 2004ஐவிட நிலைமை மிகவும் மேம்பட்டிருக்கிறது. அன்று நிலநடுக்கத்துக்கும் மாலத்தீவை அலை அடைந்ததற்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கும் மேல் இருந்தும், சொல்ல ஆளில்லை. இன்று இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை வழங்குகின்றன. ஐதராபாத்தில் உள்ள மையம் கள்ளக்கடலையும் முன்கூட்டியே கணிக்கிறது. கடைசிக் கட்டம் ஊருக்குள்தான்: பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கைப்பேசிக் குறுஞ்செய்தி, வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்கள். நம் நட்சத்திரக் கணக்கை ஒத்த 27 பகுதிகள் கொண்ட 'நகைய்' என்ற பழைய காலக்கணக்கைக் கொண்டு காற்றையும் மழையையும் கணிக்கும் வழக்கம் அங்கே இன்னும் உண்டு. பருவம் தப்பிப் பெய்யும் மழையால் அக்கணக்கின்மேல் இருந்த நம்பிக்கை குறைந்துவருகிறது.

கேள்வி: மாலத்தீவு வசதியான சுற்றுலா நாடுதானே? பிறர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தனிநபர் வருமானத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் கேட்பது நியாயமே, ஐ.நா.வும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தது. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிப்பது என்று ஐ.நா. பொதுச்சபை முடிவெடுத்தது 2004 டிசம்பர் 20 அன்று. ஆறாவது நாள் அலை வந்தது. முடிவை ஒத்திவைத்து, 2011 ஜனவரியில்தான் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஓராண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே காலைப்பொழுதில் இழக்கக்கூடிய நாட்டின் நிலையைச் சராசரி வருமானம் காட்டாது என்ற வாதத்தைச் சிறு தீவு நாடுகள் அதன்பின் விடாமல் எழுப்பின. அதன் விளைவாக, இழப்புக்கு ஆளாகும் தன்மையைப் பல கோணங்களில் அளக்கும் குறியீடு ஒன்றை 2024 ஆகஸ்டில் பொதுச்சபை ஏற்றது. அந்தக் குறியீட்டை வைத்துச் சலுகைக் கடன் தருவதா என்பது உலக வங்கி போன்ற அமைப்புகளின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. 1989இல் மாலேயில் கூடிய சிறு நாடுகள் கடல் மட்ட உயர்வு குறித்து வெளியிட்ட பிரகடனத்திலிருந்து கணக்கிட்டால், பருவநிலை மாற்றத்தால் நேரும் இழப்பு மற்றும் சேதத்துக்கென ஒரு நிதியம் 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஏற்கப்பட்டு, 2023இல் துபாயில் செயல்வடிவம் பெறவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதில் வாக்களிக்கப்பட்ட தொகை சில நூறு மில்லியன் டாலர்கள். அதை உலகின் வளரும் நாடுகள் அனைத்தும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மாலத்தீவின் 2004 ஆழிப்பேரலைச் சேதம் மட்டுமே 47 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது.